80-ஐ தொட்டா வண்டி ஆடுதா? எந்த வேகத்தில் ஆடுகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது

"அறுபது வரைக்கும் நல்லாத்தான் போகுது. எண்பதைத் தொட்டா ஸ்டியரிங் கையில நடுங்குது. நூறைத் தாண்டினா கம்மியாயிடுது." டயர் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பல இடங்களில் உடனே வரும் பதிலும் ஒன்றுதான்: "அலைன்மென்ட் பண்ணிடலாம் சார்." பணம் கட்டி, பண்ணி முடித்து, பைபாஸில் ஏறினால் மறுபடியும் அதே நடுக்கம்.

காரணம் எளிது. வண்டி ஆடுவது என்பது ஒரே நோய் அல்ல. காய்ச்சல் மாதிரி, அது ஓர் அறிகுறி. எந்த வேகத்தில் ஆட்டம் வருகிறது, எந்த வேகத்தில் போகிறது, பிரேக் பிடித்தால் என்ன ஆகிறது, குழியில் இறங்கினால் என்ன ஆகிறது? இதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஏன் இதைப் பேச வேண்டும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் சுமார் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105 விபத்துகள்.

மரணங்களில் 10-க்கு 7 'அதிவேகம்' என்ற தலைப்பின் கீழ் பதிவாகின்றன. அது உண்மைதான். ஆனால் விபத்துக்குப் பிறகு, நசுங்கிக் கிடக்கும் பைக்கைப் பார்த்து, விழுவதற்கு முன் அதன் ஹேண்டில்பார் ஆடியதா இல்லையா என்று யாராலும் எளிதில் சொல்ல முடியாது. 'ஓவர் ஸ்பீடு' என்ற ஒற்றைச் சொல்லில் கேஸ் முடிந்துவிடும். வேகமும் ஆட்டமும் தனித்தனி விஷயம் இல்லை. சரியாக இருக்கும் வண்டி தாங்கும் வேகத்தை, சக்கரத்தில் கோளாறு உள்ள வண்டி தாங்காது.

ஆட்டம் இரண்டு வகை

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஊஞ்சல் போதும்.

ஊஞ்சலில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பின்னால் நின்று ஒருவர் தள்ளுகிறார். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் லேசாகத் தள்ளினாலே போதும், ஆட்டம் பெரிதாகும். நேரம் தவறித் தள்ளினால் பெரிதாகாது. தள்ளுவதை நிறுத்திவிட்டால், கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் நின்றுவிடும். இது முதல் வகை. ஆட்டத்துக்குக் காரணமானவர் தனியாக இருக்கிறார். அவரை விலக்கினால் போதும்.

இரண்டாவது வகையில் பின்னால் யாரும் இல்லை. ஊஞ்சலில் இருப்பவரே காலை நீட்டி மடக்கி உந்தி ஆடுகிறார். ஆடுவதே அடுத்த ஆட்டத்துக்கு வலு சேர்க்கிறது. இங்கே விலக்குவதற்கு வெளியாள் கிடையாது.

கார் ஸ்டியரிங் நடுக்கம் பெரும்பாலும் முதல் வகை. பைக்கின் ஹேண்டில்பார் படபடவென அடித்துக்கொள்வது, ரயில் பெட்டி பாம்பு மாதிரி நெளிவது ஆகியவை இரண்டாவது வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வகை: சில கிராம் எடை செய்யும் வேலை

வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கும்போது கவனித்திருப்பீர்கள். வேகம் ஏறும் வழியில் ஒரு கட்டத்தில் மெஷினே நடந்து வந்துவிடும் போல குலுங்கும். அதைத் தாண்டி இன்னும் வேகமாகச் சுற்றும்போது குலுக்கல் குறைந்துவிடும். துணி ஒரு பக்கமாக ஒதுங்கியதால் வரும் எடை வித்தியாசம்தான் இங்கே தள்ளுகிற கை. மெஷினின் இயல்பான ஆட்ட நேரத்தோடு அந்தத் தள்ளல் ஒத்துப்போகும் வேகத்தில் மட்டும் குலுக்கல் உச்சத்தைத் தொடுகிறது.

கார் சக்கரத்திலும் இதே கதைதான். சுமார் 60 செ.மீ. விட்டமுள்ள டயர், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு கிட்டத்தட்ட 12 முறை சுற்றுகிறது. சக்கரத்தின் ஒரு பக்கம் 50 கிராம் எடை கூடுதலாக இருந்தால், நொடிக்கு 12 முறை அது சக்கரத்தை இழுத்து உலுக்கும். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் இயல்பான அதிர்வும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. அதனால்தான் 80 முதல் 100 வரை நடுக்கம், அதன்பின் குறைவு.

வெறும் 50 கிராம் அப்படி என்ன செய்துவிடும்? அது ரிம் ஓரத்தில், மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான விசையோடு இழுக்கும். 80-ல் ஐந்தரை கிலோ. 120-ல் பன்னிரண்டரை கிலோ. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. கடைக்குப் போய்வரும் வேகத்தில் தெரியாத குறை, நான்கு வழிச்சாலையில் மட்டும் தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வருகிறது? ரிம்மில் ஒட்டியிருந்த பேலன்சிங் ஈயம் விழுந்திருக்கலாம். பஞ்சர் ஒட்டியபின் டயரை வேறு நிலையில் மாட்டியிருக்கலாம். டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். மழையில் சேற்றுச் சாலையில் போய்வந்தபின் ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்திருந்தால் அதுவும் போதும். திடீரென்று ஆட ஆரம்பித்த வண்டியை, செலவு செய்வதற்கு முன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பார்ப்பது இதனால்தான் நல்ல யோசனை.

எடை சரியாக இருந்தும் சக்கரம் வட்டமாக இல்லாவிட்டால் ஆட்டம் வரும். சைக்கிள் கடையில் 'கோட்டம் எடுக்கணும்' என்பார்களே, அதுதான். குழியில் விழுந்து ரிம் வளைவது, ஸ்போக் தளர்வது, டயருக்குள் இருக்கும் அடுக்கு பிரிந்து வீங்குவது எல்லாம் இதில் சேரும்.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு

பலருக்கும் பணம் வீணாகும் இடம் இது. சக்கரங்கள் நேராகவும் சரியான சாய்விலும் நிற்கின்றனவா என்று பார்ப்பது அலைன்மென்ட். அது தவறினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் சீக்கிரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் தருவது பொதுவாக அதன் வேலை இல்லை.

சக்கரத்தைச் சுற்றிலும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது பேலன்சிங். நடுக்கம் என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம் என்று சந்தேகிக்கலாம். மெஷினில் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம் மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ அலைந்தால், எத்தனை ஈயம் ஒட்டினாலும் பிரச்சினை தீராது. ரிம்மைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாம் வகை: பைக்கின் 'வாப்ளிங்'

சூப்பர் மார்க்கெட் டிராலியை வேகமாகத் தள்ளும்போது, முன் சக்கரங்களில் ஒன்று மட்டும் இடமும் வலமும் படபடவென அடித்துக்கொள்ளும். தரை வழவழப்பாகத்தான் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். பைக்கின் முன் சக்கரமும் அடிப்படையில் அந்த டிராலிச் சக்கரத்தின் உறவுதான்.

ஹேண்டில்பார் திரும்பும் தண்டை அப்படியே கீழே நீட்டினால், அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். வேண்டுமென்றே இப்படி வடிவமைக்கிறார்கள். சக்கரம் கொஞ்சம் திரும்பினாலும் சாலையே அதைப் பின்னுக்கு இழுத்து நேராக்கிவிடும். கையை லேசாக வைத்திருந்தாலும் பைக் நேராகப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிக்கலும் இங்கேயே இருக்கிறது. நேராக்கும் விசை சக்கரத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. நடுவைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோகிறது. அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம். சாதாரணமாக இரண்டு மூன்று ஆட்டத்தில் இது அடங்கிவிடும். ஆனால் டயர் ரப்பர். பக்கவாட்டில் வளைந்து நிமிர அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தால், அடக்க வேண்டிய விசை சற்றுத் தாமதமாக வந்து ஆட்டத்தை வளர்த்துவிடும் நிலை உண்டாகிறது. ஊஞ்சலில் உட்கார்ந்தவரே உந்தத் தொடங்கிவிட்டார்!

இதற்கான சக்தி வண்டியின் வேகத்திலிருந்தே வருகிறது. ஒரு சின்னக் குழி, பாலத்தின் இணைப்புப் பட்டை, பக்கத்தில் கடந்த லாரியின் காற்று என ஏதாவது ஒன்று தொடங்கிவைத்தால் போதும். ஹேண்டில்பார் நொடிக்கு 4 முதல் 10 முறை அடித்துக்கொள்ளும். மனிதக் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திருத்த முடியாது.

இதோடு குழப்பக்கூடிய இன்னொரு ஆட்டமும் உண்டு. வண்டி முழுவதும், பின்பக்கம் உட்பட, மெதுவாக நெளிந்துகொண்டே போகும். நொடிக்கு 2 முதல் 4 முறை. பெரும்பாலும் அதிக வேகத்தில், பின்னால் சுமை அதிகமாக இருக்கும்போது வரும்.

எது தூண்டுகிறது? ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கோன் செட் தளர்ந்திருப்பது, முன் டயர் கோணலாகத் தேய்ந்திருப்பது, காற்று குறைவாக இருப்பது, பின் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருப்பது, சக்கரத்தின் பேரிங்கில் ஆட்டம் இருப்பது. அடுத்தது சுமை. பெரிய டாப் பாக்ஸ், பின்னால் கட்டிய சிலிண்டர், தண்ணீர் கேன், பின்சீட்டில் இருவர் என எடை பின்னுக்குப் போகப் போக, முன் சக்கரத்தின் பிடி லேசாகிறது.

சிலர் ஸ்டியரிங் டேம்பர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சும் நல்ல கருவிதான் அது. ஆனால் கோன் செட் தேய்ந்த வண்டியில் அதை மாட்டுவது, வலி மாத்திரை போட்டுக்கொண்டு எலும்பு முறிவோடு நடப்பதைப் போன்றது.

ரயிலைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்

'ரோடு சரியில்ல, அதான் ஆடுது' என்று நாம் சொல்வோம். ஒரு காலத்தில் ரயில் பொறியாளர்களும் இதே மாதிரிதான் சொன்னார்கள்: தண்டவாளம் சரியில்லை. அது எப்படி மாறியது என்பது சுவாரசியமான வரலாறு.

ரயில் சக்கரத்தின் ஓடும் பரப்பு தட்டையாக இருக்காது. லேசான கூம்பு வடிவில், உள்பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும் இருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அச்சு இடப்பக்கம் நகர்ந்தால், இடச் சக்கரம் பெரிய சுற்றளவில் ஓடும், வலச் சக்கரம் சிறிய சுற்றளவில் ஓடும். உடனே அச்சு தானாக நடுவுக்குத் திரும்பும். ஆனால் பைக்கைப் போலவே நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும். இப்படி அலை அலையாக நெளிந்துதான் ஒவ்வொரு ரயில் சக்கரமும் ஓடுகிறது. இதற்கு 'ஹன்டிங்' என்று பெயர். குறிப்பிட்ட வேகம் வரை நெளிவு அடங்கும். அதைத் தாண்டினால் வளரும். வளர்ந்தால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை மாறி மாறி மோதும்.

1955 மார்ச் மாத இறுதியில் பிரான்ஸில் ஒரு மின்சார இன்ஜின் மணிக்கு 331 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தது. அந்த ஓட்டத்தில் பக்கவாட்டு விசையால் தண்டவாளம் வளைந்துபோனது. வேகம் கூட்ட இன்ஜின் சக்தி மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

ஜப்பானில் இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் தடாஷி மட்சுதைரா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படையின் ஜீரோ போர் விமானத்தில், வேகம் கூடும்போது இறக்கை அதிர்ந்து உடையும் பிரச்சினையை ஆராய்ந்தவர். போருக்குப் பின் ரயில்வே ஆய்வுக்கு வந்தார். விமான இறக்கையில் பார்த்த அதே மாதிரியான, தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஆட்டம்தான் ரயில் சக்கரத்திலும் நடக்கிறது என்றார். வண்டியின் வடிவமைப்பை மாற்றாமல், தடத்தை மட்டும் சரிசெய்து தப்ப முடியாது என்பதே அதன் பொருள். அந்தப் புரிதலோடு உருவான ஷிங்கன்சென் 1964 அக்டோபர் 1-ல் ஓடத் தொடங்கியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 210 கி.மீ.

இதன் தொடர்ச்சியை நம் ஊரிலேயே பார்க்கலாம். சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். ஆலை, 2018 ஜனவரியில் பழைய வடிவமைப்புப் பெட்டிகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டு எல்.எச்.பி. பெட்டிகளுக்கு முழுதாக மாறியது. எல்.எச்.பி. பெட்டியில், சக்கரங்கள் இருக்கும் போகிக்கும் பெட்டிக்கும் நடுவே ஷாக் அப்சார்பர் போன்ற உருளை படுக்கைவாட்டில் இருக்கும். 'யா டேம்பர்' என்பார்கள். போகி இடமும் வலமும் நெளிவதை அடக்குவதுதான் அதன் வேலை. தேய்ந்த சக்கரங்களை அவ்வப்போது கடைந்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதும் இதே காரணத்துக்காகத்தான். தேய்மானத்தில் சக்கரத்தின் வடிவம் மாறினால், நெளிவு குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடலாம்.

விமானத்தின் முன் சக்கரத்துக்கும் இதே நோய் வரும். ஓடுபாதையில் ஓடும்போது மூக்குச் சக்கரம் அடித்துக்கொள்ளாமல் இருக்க பல விமானங்களில் அதற்கென்றே தனி டேம்பர் வைக்கிறார்கள்.

எந்த ஆட்டம், என்ன காரணம்?

கீழே இருப்பவை முதல் சந்தேகங்கள். மெக்கானிக்கிடம் சொல்வதற்கு உதவும்.

- 80 முதல் 100-க்குள் மட்டும் நடுக்கம், பின் குறைகிறது: சக்கரத்தின் எடை சமமில்லை. பேலன்சிங் பாருங்கள்.

- 20, 30-லேயே வண்டி தள்ளாடுகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது: டயர் வீக்கம் அல்லது ரிம் வளைவு. டயரைத் தடவிப் பாருங்கள். புடைப்பு இருந்தால் அந்த டயரில் ஹைவே பக்கம் போகவே வேண்டாம்.

- பிரேக் பிடிக்கும்போது மட்டும்: பிரேக் டிஸ்க் சீராக இல்லை.

- ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும்: இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் ஷாஃப்ட், அதன் ஜாயின்ட்.

- குழியில் இறங்கியபின் ஸ்டியரிங் பலமாக அடிக்கிறது: காரில் பால் ஜாயின்ட், டை ராட். பைக்கில் கோன் செட்.

- டயர் கழற்றி மாட்டிய அன்றே ஆட்டம்: உடனே ஓரங்கட்டி சக்கர நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த நட்டு, சக்கரமே கழன்றுபோகும் அபாயம்.

பைக்கில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கட்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கையால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக் டக்' என்று இடைவெளி தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்குக்கு நடுவே கோட்டம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஓடும்போதே ஆடினால்?

பைக்கில் ஹேண்டில்பார் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால், இயல்பாக வரும் இரண்டு எதிர்வினைகளுமே ஆபத்து. ஒன்று, பலம் கொண்ட மட்டும் ஹேண்டில்பாரை எதிர்த்துத் திருப்புவது. இன்னொன்று, சட்டென்று பிரேக் பிடிப்பது. பிரேக் பிடித்தால் எடை முன் சக்கரத்தில் இறங்கி ஆட்டம் மோசமாகலாம்.

செய்ய வேண்டியது: ஹேண்டில்பாரை விடாமல் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள். முழங்காலால் டேங்கை இறுக்கி, உடம்பை முன்னால் சாய்த்துத் தாழ்த்துங்கள். வேகம் தானாகக் குறையட்டும். ஆட்டம் அடங்கியபின் ஓரமாக நிறுத்துங்கள். கார் என்றால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை மெதுவாக எடுத்து, வேகம் குறைந்தபின் ஓரங்கட்டுங்கள். நிறுத்திப் பார்க்காமல் "அடங்கிடுச்சு" என்று மறுபடி வேகம் எடுக்க வேண்டாம்.

உங்கள் வண்டியை யார் பரிசோதிக்கிறார்கள்?

லாரி, பஸ், டாக்ஸி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு ஃபிட்னஸ் சான்றிதழ் கட்டாயம். முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். சொந்தக் காருக்கும் பைக்குக்கும் அப்படி இல்லை. புதிதாகப் பதிவு செய்தால் 15 ஆண்டு செல்லும். அதன்பின் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் வண்டியின் தகுதியைப் பார்ப்பார்கள். இடையில் கட்டாயமாக இருப்பது புகைப் பரிசோதனையும் இன்சூரன்ஸும். வண்டி என்ன புகை விடுகிறது என்று அரசு கேட்கிறது. அதன் சக்கரம் நேராகச் சுற்றுகிறதா என்று 15 ஆண்டுகளுக்கு யாரும் கேட்பதில்லை.

சாலையில் இறப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இரு சக்கர வாகனத்தில் செல்பவர்கள் என்ற நாட்டில், இது பெரிய ஓட்டை. ஒவ்வொரு வண்டியையும் ஆண்டுதோறும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இழுப்பது நடைமுறையில் கஷ்டம்தான். ஆனால் புகைப் பரிசோதனைக்கு எப்படியும் வண்டி ஒரு கடையில் போய் நிற்கிறது. அதே நேரத்தில் டயர், சக்கரக் கோட்டம், கோன் செட் மூன்றையும் பார்க்க சில நிமிடங்கள் போதும். விதி அதைக் கேட்டால் நடக்கும்.

அதுவரை அந்த வேலை ஓட்டுபவருடையதுதான். அடுத்த முறை வண்டி ஆடினால், "ரோடு அப்படி" என்று கடந்துபோகாமல் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். அந்த எண்ணை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சரியான இடத்தில் தேட அவருக்கு அதுவே போதும்.